ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் என்ன ஆகும்?

கேள்வி இதுதான்: இந்தியன் டாய்லெட்டில் பிடித்த மஞ்சள் கறை எதற்கும் போகவில்லை, பக்கத்து வீட்டு அக்கா சொன்னபடி ஆசிட் ஊற்றி அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரைத் தூவித் தேய்த்தேன், கொஞ்ச நேரத்தில் கண் எரிந்து இருமல் பிடித்துக்கொண்டது, வெளியே வந்ததும் அடங்கிவிட்டது, கதவைத் திறந்து வைத்து, மாஸ்க் போட்டுக்கொண்டு செய்தால் பரவாயில்லையா? அந்த அக்கா பல வருடமாக இப்படித்தான் கழுவுகிறாராம், ஒன்றும் ஆகவில்லையாம்.

கூடாது. கதவு திறந்திருந்தாலும் கூடாது, மாஸ்க் போட்டாலும் கூடாது. உங்களுக்கு இருமல் வந்தது வெறும் ஆசிட் நெடியால் அல்ல, குளோரின் வாயுவால். 1915 ஏப்ரல் 22-ம் தேதி பெல்ஜியத்தில் ஈப்ர என்ற ஊருக்குப் பக்கத்தில் ஜெர்மன் ராணுவம் எதிரிப் படை மேல் திறந்துவிட்டதும் இதே வாயுதான். அளவுதான் வேறு, சரக்கு ஒன்றுதான். பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நான் கெமிஸ்ட்ரி படித்துவிட்டு மதுரையில் ஓட்டல்களுக்கும் கல்யாண மண்டபங்களுக்கும் கிளீனிங் சாமான் சப்ளை செய்கிறவன், ஆசிட் கேனும் பிளீச்சிங் மூட்டையும் தினமும் கையில் படுகிற தொழில். "ரெண்டையும் சேர்த்துப் போட்டா பளிச்னு வருதுண்ணே" என்று சொல்கிற ஆட்களை வாராவாரம் பார்க்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

பிளீச்சிங் பவுடர் என்பது சுண்ணாம்பில் குளோரினை ஏற்றிப் பிடித்து வைத்திருக்கிற பொடி. அதில் காரம், அதாவது ஆசிட்டை முறிக்கிற சுண்ணாம்புத் தன்மை, இருக்கிறவரை பொடி சாதுவாகக் கிடக்கும். ஆசிட் பட்டதும் காரம் முறிந்துவிடுகிறது, பிடிப்பு விட்டுப்போய் உள்ளே இருக்கிற குளோரின் வாயுவாகக் கிளம்பிவிடுகிறது. வெள்ளைத் துணிக்குப் போடுகிற ஆலா மாதிரியான திரவ பிளீச்சும் இதே ரகம்தான், அதில் இருப்பது சோடியம் ஹைப்போகுளோரைட். பவுடர் மூட்டையில் 'கிடைக்கும் குளோரின்' இத்தனை சதவீதம் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள். புதுப் பொடியில் 30 சதவீதத்துக்கு மேல் இருக்கும். ஆசிட் சேர்த்தால் எவ்வளவு குளோரின் வெளியே வரும் என்பதற்கான கணக்குதான் அது.

சரி, கணக்குப் போட்டே பார்ப்போம். நாலடிக்கு ஆறடி பாத்ரூம், எட்டடி உயரம். அதில் சுமார் 5,400 லிட்டர் காற்று இருக்கும். நீங்கள் தூவியது ஒரு சின்னக் கைப்பிடி, 30 கிராம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 9 கிராம் குளோரின். வாயுவாக மாறினால் மூன்று லிட்டருக்குக் கொஞ்சம் கூட. அந்த அறைக் காற்றோடு கலந்தால் பத்து லட்சத்தில் 570 பங்கு, அதாவது 570 பிபிஎம். எல்லாமே வெளியே வராது, பாதி தண்ணீரில் கரையும், பொடி பழசாக இருக்கும், ஆசிட் போதாமல் இருக்கும், இதெல்லாம் உண்டு. பத்தில் ஒரு பங்குதான் வந்தது என்றாலும் 57 பிபிஎம். குளோரின் 10 பிபிஎம் ஆனாலே உயிருக்கு உடனடி ஆபத்தான நிலை என்று அமெரிக்கத் தொழில் பாதுகாப்பு நிறுவனம் நியோஷ் வரையறுத்திருக்கிறது. 40, 60 என்று போகும்போது நுரையீரல் வெந்து அதற்குள் நீர் கோக்க ஆரம்பிக்கும். 400-ஐத் தாண்டினால் அரை மணி நேரத்தில் உயிர் போகலாம். ஒரு கைப்பிடிப் பொடி, ஒரு டம்ளர் ஆசிட், ஒரு சின்ன பாத்ரூம், இவ்வளவு போதும்.

இதில் இன்னொரு சங்கடம், குளோரின் காற்றைவிட இரண்டரை மடங்கு கனமானது. கிளம்பியதும் மேலே போகாது, தரையோடு தரையாகப் பரவும். நம் ஊர் பாத்ரூமில் காற்றுப் போக வழி எங்கே இருக்கிறது? கூரைக்கு ஒரு சாண் கீழே, கண்ணாடிப் பட்டை வைத்த வென்டிலேட்டர். வாயு கீழே, ஜன்னல் மேலே. இந்தியன் டாய்லெட்டைத் தேய்க்கிறவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மூக்கை பேசினுக்கு ஓரடி உயரத்தில் வைத்துக்கொண்டு, மூச்சு வாங்க வாங்கத் தேய்க்கிறார். அறை முழுக்கச் சராசரி என்ன என்பது அவருக்குப் பொருந்தவே பொருந்தாது, அவர் இழுப்பது பேசினிலிருந்து நேராக வருவதை. கதவைத் திறந்து வைத்தால் போதுமா என்று கேட்டீர்களே, அதற்குப் பதில் இதுதான். மாஸ்க் விஷயமும் அப்படித்தான்: துணி மாஸ்க், சர்ஜிகல் மாஸ்க், என்-95 எல்லாம் தூசியையும் துளியையும்தான் நிறுத்தும், வாயு அதற்குள் புகுந்து வந்துவிடும். ஈரத் துண்டைக் கட்டிக்கொள்வதும் பெரிய பாதுகாப்பு கிடையாது.

இவ்வளவு ஆபத்துக்கும் கறையாவது கூடுதலாகப் போகிறதா என்றால், அதுவும் இல்லை. இதைத்தான் எத்தனை பேருக்குச் சொன்னாலும் நம்ப மறுக்கிறார்கள். மதுரையில் பாதி வீடுகளில் நல்ல தண்ணிக் குழாய் தனி, உப்புத் தண்ணிக் குழாய் தனி. டாய்லெட்டுக்குப் போவது போர் தண்ணீர். அது காயக் காய கால்சியம், மெக்னீசியம் உப்புகள் பீங்கான் மேல் படிந்து கல்லாகிப்போகும், தண்ணீரில் இரும்பு இருந்தால் அந்தப் படிவு மஞ்சளாகவோ செம்பட்டையாகவோ தெரியும். இந்தக் கல்லைக் கரைப்பது ஆசிட் மட்டும்தான். பிளீச்சிங் பவுடர் அதை ஒன்றும் செய்யாது, சொல்லப்போனால் சுண்ணாம்புக் கறையில் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைப் போடுகிறீர்கள், இரும்புக் கறையை பிளீச் இன்னும் துருவாக்கிக் கெட்டிப்படுத்தவும் செய்யும். பிளீச்சின் வேலை வேறு: கிருமி, பாசி, பூஞ்சை, துணியில் படிந்த சாயக் கறை. இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஆசிட்டில் ஒரு பகுதி பொடியில் இருக்கிற சுண்ணாம்போடு சண்டை போட்டே வீணாகிறது, பொடியில் இருக்கிற குளோரின் காற்றோடு போகிறது. இரண்டுக்கும் கொடுத்த காசு நஷ்டம். நுரை பொங்கி, நெடி தூக்கியதும் "ஆகா, வேலை செய்யுது" என்று தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் அந்த அக்காவுக்கு ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவர் பொய் சொல்கிறார் என்று நான் நினைக்கவில்லை. பிளீச்சிங் பவுடர் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் செத்துப்போகிற சாமான். மளிகைக் கடையில் சாக்கின் வாயைத் திறந்து வைத்து அள்ளிக் கொடுக்கிற பொடியில், நம் சித்திரை வெயிலுக்கு, பாதி குளோரின்கூட மிஞ்சியிருக்காது. வாடிக்கையாக வருகிற ஆசிட்காரர் எவ்வளவு தண்ணீர் ஊற்றியிருக்கிறார் என்பதும் அவருக்குத்தான் வெளிச்சம். அதோடு பழைய வீடுகளில் கக்கூஸ் கொல்லைப்பக்கம் இருந்தது, அரைக்கதவு, மேலே பாதி திறந்த வெளி, காற்று அடித்துக்கொண்டு போய்விடும். இப்போது படுக்கையறைக்குள்ளேயே அட்டாச்டு பாத்ரூம், ஒரே ஒரு வென்டிலேட்டர், அதையும் கொசுவுக்காக அடைத்திருப்பார்கள். ஒரு நாள் புதுப் பாக்கெட்டும் நல்ல ஆசிட்டும் சேர்ந்து அந்த அறைக்குள் போகும், அன்றைக்கு அக்காவின் பல வருட அனுபவம் உதவாது.

நாம் சேர்த்துப் போட்டால்தான் ஆபத்து, தனித்தனியாகப் போட்டால் ஆபத்தில்லை என்றும் நினைத்துவிட வேண்டாம். நான் கேள்விப்படுகிற பாதிக் கதை இப்படித்தான்: வேலைக்கு வருகிற அம்மா காலையில் டாய்லெட் கிளீனரை ஊற்றி ஊறட்டும் என்று விட்டுப் போகிறார், மாமியார் அது தெரியாமல் மேலே பிளீச்சிங் பவுடரைத் தூவுகிறார். இரண்டு பேரும் தனித்தனியாகச் சரியான வேலைதான் செய்தார்கள். 2019 நவம்பரில் அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் பர்லிங்டன் என்ற ஊரில், ஒரு ரெஸ்டாரண்ட் சமையலறைத் தரையில் ஆசிட் வகைக் கிளீனர் சிந்தியிருந்தது, அதன் மேல் இன்னொரு ஊழியர் ஹைப்போகுளோரைட் கலந்த கிளீனரை ஊற்றினார். பச்சை நிறமாக நுரைத்தது. ஊற்றியவர் மூச்சுத் திணறி வெளியே ஓடிவிட்டார். அதைத் தள்ளிவிடலாம் என்று வைப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே போன மேனேஜர்தான் இறந்துபோனார். ஜப்பானில் 1980களின் பிற்பகுதியில் வீட்டைக் கழுவும்போதே இதே கலவையால் பெண்கள் இறந்திருக்கிறார்கள், அதற்கப்புறம்தான் அங்கே பாட்டிலின் முகப்பிலேயே 'கலக்காதே, ஆபத்து' என்று பெரிய எழுத்தில் போட ஆரம்பித்தார்கள். நம் ஊர் பாட்டிலிலும் போட்டிருக்கிறது, பின்பக்கம், எறும்பு எழுத்தில்.

அந்தப் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும், பிராண்ட் பெயரை நம்பாதீர்கள். ஹார்பிக் என்று நாம் பொதுவாக வாங்குகிற நீல பாட்டிலில் இருப்பது சுமார் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் ஆசிட். "இது ஆசிட் இல்லப்பா, டாய்லெட் கிளீனர்" என்று தனியாக நினைப்பது தப்பு. ஆனால் ஒரே பிராண்ட் பெயரில் ஆசிட் வகையும் வரும், பிளீச் வகையும் வரும், நிறம்கூட ஒன்றுபோல இருக்கும். ஆகவே ஒரு டாய்லெட் கிளீனர் தீர்ந்துபோனது என்று பாதியில் இன்னொன்றைத் திறந்து ஊற்றுவதுகூடச் சரியில்லை. பெயர் தெரியாத லூஸ் சரக்கு என்றால் கேட்கவே வேண்டாம், டிவிஎஸ் எக்ஸ்எல்லில் கேனைக் கட்டிக்கொண்டு தெருவில் "ஆசிட்டு, பினாயிலு" என்று வருகிறவர் கொடுக்கிற பாட்டிலில் லேபிளே கிடையாது.

ஆசிட் என்றால் அந்தப் புகை வருகிற மஞ்சள் திரவம் மட்டும்தான் என்று நினைக்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எலுமிச்சைச் சாறு ஆசிட், வினிகர் ஆசிட், குழாய்க் கறைக்குப் போடுகிற சிட்ரிக் பவுடர் ஆசிட், பித்தளை விளக்குத் தேய்க்கிற புளியும் ஆசிட்தான். இப்போது வீட்டுக்கு வீடு எலுமிச்சைத் தோலும் வெல்லமும் போட்டு மூன்று மாதம் புளிக்க வைத்து பயோ என்சைம் செய்கிறார்கள், நல்ல விஷயம், ஆனால் அதுவும் நல்ல புளிப்பு. இதில் எதையும் பிளீச்சோடு சேர்த்தால் வேகம் குறைவாக இருக்கும், குளோரின் வராமல் இருக்காது. 2020 மார்ச் வாக்கில், கொரோனா பயத்தில், அமெரிக்காவில் ஒரு பெண் சமையலறைத் தொட்டியில் பிளீச், வினிகர், சுடுதண்ணீர் மூன்றையும் கலந்து காய்கறியை ஊறப்போட்டார். மூச்சு இழுக்க முடியாமல் ஆம்புலன்ஸில் போய் ஆக்சிஜன் வைக்க வேண்டியதாயிற்று, நல்லவேளை பிழைத்துக்கொண்டார். இது அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் பதிவுசெய்த சம்பவம். அந்த ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கிளீனர், கிருமிநாசினி பாதிப்புக்காக அங்கே விஷ உதவி மையங்களுக்கு 45,550 அழைப்புகள், முந்தைய ஆண்டின் அதே மாதங்களைவிட 20 சதவீதம் அதிகம். கிருமிக்குப் பயந்து சுத்தம் செய்யப் போய் வந்த வினை.

அடுத்தது அமோனியா. பிளீச்சும் அமோனியாவும் சேர்ந்தால் குளோரமைன் என்ற இன்னொரு வாயு, அதுவும் கண்ணையும் நுரையீரலையும் பிடிக்கும். நாங்கள் அமோனியா வாங்குவதே இல்லையே என்பீர்கள். வாங்க வேண்டாம், நாள்பட்ட மூத்திரத்திலேயே இருக்கிறது. பஸ் ஸ்டாண்ட் கழிப்பறையில் நுழைந்ததும் மூக்கில் ஏறுகிறதே, அதுதான் அமோனியா. அதன் மேல் பிளீச்சிங் பவுடரைக் கொட்டிவிட்டுக் கழுவுகிற தொழிலாளிக்குக் கண்ணில் தண்ணீர் கொட்டுவது இதனால்தான். மேலூர், அலங்காநல்லூர், உசிலம்பட்டிப் பக்கம் மாடு கட்டியிருக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: மழைக்காலத்தில் தொழுவத்தில் ஈக்கும் வாடைக்கும் பயந்து கோமியம் தேங்கிய தரையிலேயே பவுடரைத் தூவுகிறார்கள். உங்களுக்கு மூக்கு எரிந்தால் வெளியே வந்துவிடலாம், கயிற்றில் கட்டிய மாடு எங்கே போகும்? மாட்டை அவிழ்த்து வெளியே கட்டி, சாணம், கோமியத்தை வழித்து, நிறையத் தண்ணீர் விட்டு அடித்துக் கழுவி, அப்புறம்தான் பவுடர். வீட்டில் பிள்ளை மூத்திரம் போன பாய்க்கும் இதே வரிசைதான். கண்ணாடி துடைக்கிற ஸ்பிரேக்களில் சிலவற்றிலும் அமோனியா உண்டு.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சானிடைசரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரோபார்ம் மாதிரியான சமாசாரங்கள் உருவாகும், வேண்டாம். பினாயிலோடும் பிளீச்சைக் கலக்காதீர்கள், குளோரின் ஏறிய பீனால்கள் வரும், இரண்டின் பலனும் போகும். ஹைட்ரஜன் பெராக்சைடையும் வினிகரையும் ஒரே பாட்டிலில் கலந்தால் பெர்அசிட்டிக் ஆசிட், தோலையும் மூச்சுக்குழலையும் அரிக்கும். யூடியூபில் எல்லோரும் காட்டுகிற சோடா உப்பும் வினிகரும்? அதில் விஷம் கிடையாது, வருவது கார்பன் டை ஆக்சைடு, ஆனால் இரண்டும் ஒன்றையொன்று முறித்துவிட்டு மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர். பொங்குகிற வேடிக்கைக்குத்தான் அது. மூடிபோட்ட பாட்டிலில் மட்டும் கலக்காதீர்கள், வெடிக்கும்.

சிங்க் அடைப்பு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் கண் போகிற விபத்து அங்கேதான் நடக்கிறது. அடைப்பு எடுக்க வாங்குகிற வெள்ளைக் குருணைகளில் பெரும்பாலும் இருப்பது காஸ்டிக் சோடா. தண்ணீர் பட்டதும் கொதிக்கிற அளவு சூடாகும். அது வேலை செய்யவில்லை என்று பொறுமை இழந்து அதன் மேலேயே ஆசிட் ஊற்றுவார்கள். காரமும் ஆசிட்டும் நேருக்கு நேர் மோதினால், குழாய்க்குள் இருக்கிற தண்ணீர் நொடியில் கொதித்து, வந்த வழியே மேலே பீறிட்டு அடிக்கும். சிங்க் ஓட்டையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருப்பவர் முகத்துக்கு நேராக. ஒரு மண்டபத்துச் சமையல்கட்டில், பந்தி முடிந்த அவசரத்தில், அப்படிப் பீறியது சுவரில் ஆளுயரத்துக்கு மேல் தெறித்திருந்ததை நான் பார்த்தேன். ஊற்றிய பையன் அப்போதுதான் யாரோ கூப்பிட்டுத் திரும்பியிருந்தான், காதுமடலில் மட்டும் கொப்புளம். இன்னொன்று, காஸ்டிக் சோடா அலுமினியத்தில் பட்டால் ஹைட்ரஜன் வாயு வரும், அது தீப்பிடிக்கும். அலுமினியச் சட்டியை சிங்கில் போட்டுக்கொண்டு, பக்கத்தில் அடுப்பை எரியவிட்டுக்கொண்டு இந்த வேலை கூடாது.

எல்லாவற்றையும்விட எனக்கு அதிகக் கவலை தருவது தரைத்தொட்டி. வீட்டுக்கு வீடு சம்ப் இருக்கிறது, இரண்டடிக்கு இரண்டடி வாய், உள்ளே ஆறேழு அடி ஆழம். உப்புப் படிவு போக வேண்டும் என்று ஆளை இறக்கி ஆசிட் அடிக்கிறார்கள், அரைகுறையாக அலசிவிட்டு, அதே ஆள் உள்ளே இருக்கும்போதே கிருமி போகட்டும் என்று பிளீச்சிங் பவுடரை மேலேயிருந்து கொட்டுகிறார்கள். கனமான வாயு, குழி, ஒரே வாய். உள்ளே இருக்கிறவர் ஏணியில் காலை வைப்பதற்குள் மயங்கிவிடுவார். அவரைத் தூக்க இன்னொருவர் குதிப்பார், அவரும் அங்கேயே. தொட்டிக்குள் ஆசிட்டே வேண்டாம், நார் பிரஷ்ஷும் கை உழைப்பும் போதும். பவுடர் கரைத்து விடுவதென்றால் ஆள் வெளியே ஏறி வந்தபிறகு. எப்போதும் மேலே ஒருவர், இறங்குகிறவர் இடுப்பில் கயிறு. உள்ளே விழுந்துவிட்டால் 101-க்குப் போன் போட்டு தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள், மூச்சுக் கருவி இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது, அது பெற்ற பிள்ளையாக இருந்தாலும். பவுடர் அளவும் தெரிந்துகொள்ளுங்கள்: நல்ல தரமான பொடியாக இருந்தால் 1,000 லிட்டர் குடிநீருக்கு 2.5 கிராம் போதும் என்பதுதான் பொதுச் சுகாதாரப் பாடப்புத்தகக் கணக்கு. ஒரு டீஸ்பூன்கூட இல்லை. நாம் கைப்பிடி கைப்பிடியாக அள்ளிப் போடுகிறோம்.

தப்பித்தவறி கலந்துவிட்டால் என்ன செய்வது? முதலில் வெளியே வாருங்கள். தண்ணீர் ஊற்றி அணைக்கிறேன், பேசினை ஃப்ளஷ் பண்ணிவிட்டு வருகிறேன் என்று நிற்கவே கூடாது, மூச்சை அடக்கிக்கொண்டு திரும்பப் போகிற வீரமும் வேண்டாம். எக்ஸாஸ்ட் ஸ்விட்ச் வெளியே இருந்தால் போடுங்கள், வீட்டுச் ஜன்னல்களைத் திறந்துவிட்டு எல்லோரையும் மொட்டை மாடிக்கோ தெருவுக்கோ கூட்டிப் போங்கள். நெடி சுத்தமாகப் போனபிறகுதான் உள்ளே போய் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். கண் எரிந்தால் ஓடுகிற குழாய்த் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம், இமையைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு. மேலே தெறித்திருந்தால் உடையைக் கழற்றிவிட்டுக் குளிக்க வேண்டும். பால் குடித்தால், வாழைப்பழம் தின்றால் சரியாகிவிடும் என்பார்கள். போனது நுரையீரலுக்கு, வயிற்றுக்கு அல்ல. விக்ஸ் போட்டு ஆவி பிடிப்பதும் வேண்டாம்.

உங்களுக்கு வெளியே வந்ததும் அடங்கிவிட்டது என்கிறீர்கள், பெரும்பாலும் அதோடு போய்விடும். ஆனால் குளோரினில் ஒரு வஞ்சகம் உண்டு: நுரையீரலில் நீர் கோப்பது சில மணி நேரம் கழித்து, சிலருக்கு ஒரு நாள் கழித்துக்கூட வரும். அதனால் நெஞ்சு இறுக்கம், விசில் மாதிரி மூச்சு, படுத்தால் மூச்சு முட்டுவது, நுரைத்த சளி, உதடு நீலம் பாய்வது, இதில் ஒன்று தெரிந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று விடாமல் 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது நேராக கோரிப்பாளையம் பக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். ஆஸ்துமா, வீசிங் இருக்கிறவர், கர்ப்பிணி, சின்னக் குழந்தை, வயசானவர் என்றால் அறிகுறிக்குக் காத்திருக்கவே வேண்டாம். குளோரினுக்கு மாற்று மருந்து கிடையாது, ஆக்சிஜனும் நெபுலைசரும் வைத்துக் கண்காணிப்பதுதான் வைத்தியம், அதனால்தான் நேரம் முக்கியம். என்ன கலந்தது என்று டாக்டரிடம் சொல்ல பாட்டில் லேபிளை போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். டெல்லி எய்ம்ஸில் இயங்குகிற தேசிய விஷத் தகவல் மையத்தின் இலவச எண் 1800 116 117, டாக்டர்களும் கேட்கலாம், நாமும் கேட்கலாம்.

ஆசிட்டையோ கிளீனரையோ யாராவது குடித்தே விட்டால், முக்கியமாகக் குழந்தைகள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது சுட்டது வரும்போதும் சுடும். உப்புத் தண்ணீர், புளித் தண்ணீர், எலுமிச்சை எதுவும் கொடுக்காமல், வாயைக் கொப்பளிக்க வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இதற்கெல்லாம் மூல காரணம், லூஸ் ஆசிட்டை ஊற்றி வைக்கிற அந்தப் பழைய கூல்டிரிங்ஸ் பாட்டில். 2013-ல் உச்ச நீதிமன்றம் ஆசிட் சில்லறை விற்பனைக்கு விதி போட்டது: வாங்குகிறவர் பெயர், விலாசம் பதிய வேண்டும், அடையாள அட்டை பார்க்க வேண்டும், 18 வயதுக்குக் கீழே கொடுக்கவே கூடாது. தெருவில் அதெல்லாம் எங்கே நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வாங்குவதை நிறுத்துவது நம் கையில் இருக்கிறது. வைக்கிற இடமும் கவனம்: ஆசிட் கேனும் பவுடர் பாக்கெட்டும் ஒரே லாஃப்டில் கூடாது, ஒன்று கசிந்து இன்னொன்றில் சொட்டினால் யாரும் கை வைக்காமலே வாயு வரும். மண்ணெண்ணெய், பெட்ரோல், எண்ணெய்த் துணி பக்கத்திலும் பவுடரை வைக்காதீர்கள், தீப்பிடிக்கும்.

சரி, அந்த மஞ்சள் கறைக்கு வருவோம். பேசின் குழியில் நிற்கிற தண்ணீரை ஒரு பழைய மக்கால் அள்ளி வெளியேற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஊற்றுகிற கிளீனர் அதில் கரைந்து நீர்த்துப் போகும். லேபிள் உள்ள டாய்லெட் கிளீனர் ஒன்றை மட்டும் கறை மேல் ஊற்றி அரை மணி நேரம் ஊறவிட்டு, கையுறை போட்டு பிரஷ்ஷால் தேய்த்து, நிறையத் தண்ணீர் விடுங்கள். பல வருடப் படிவு ஒரே நாளில் போகாது, வாரத்துக்கு ஒருமுறையாக நாலைந்து வாரம் ஆகலாம், தடிப்பு குறைவது கண்ணுக்குத் தெரியும். குழாய், டைல்ஸுக்கு சிட்ரிக் பவுடரைத் தண்ணீரில் கரைத்துத் துணியில் நனைத்துச் சுற்றி வைத்தால் போதும். மொசைக், மார்பிள் தரையில் எந்த ஆசிட்டும் கூடாது, கல்லையே தின்றுவிடும். பவுடரோ பிளீச்சோ போட வேண்டுமென்றால் வேறொரு நாள், பச்சைத் தண்ணீரில் கரைத்து, சுடுதண்ணீர் வேண்டாம். வேலைக்கு வருகிற அம்மாவிடம் அன்றைக்கு எது ஊற்றினார் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். வீட்டில் மிச்சம் இருக்கிற லூஸ் ஆசிட்டை என்ன செய்வது என்றால், கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டு, வெட்டவெளியில் ஒரு பிளாஸ்டிக் வாளி நிறையத் தண்ணீர் வைத்து, அந்தத் தண்ணீரில் ஆசிட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள், ஆசிட்டில் தண்ணீர் ஊற்றக் கூடாது. பிறகு சோடா உப்பைத் தூவத் தூவப் பொங்கும்; பொங்குவது நின்றதும் சாக்கடையில் விடலாம், அன்றைக்கு அந்தச் சாக்கடையில் யாரும் பிளீச்சிங் போட்டிருக்கவில்லை என்று பார்த்துக்கொண்டு.